மகள வாட்டுல சேர்க்கவா வேணாமா? மிஸி அக்கா பதில்கள்

இந்த மாசம் வந்த கடிதாசியில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், சாப்பாட்டுக்குப் பயப்படுற பிள்ளைங்க, சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்கிறவங்க, ஆஸ்பத்திரி வாட்டுல சேர்த்து நிப்பாட்டச் சொன்னா வீட்ல சண்ட. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க. எழுதினவங்க பேர் போடல, ஊர் மட்டும்தான்.

மிஸி அக்கா, என் மூத்த மகளுக்கு 23 வயசு. கொழும்புல துணிக்கடையில வேல செஞ்சா, போன தீவாளிக்கு வந்தவ திரும்பிப் போகல. அங்க இருக்கும்போதே டயட்டுன்னு ஆரம்பிச்சதாம், இப்ப எலும்பும் தோலுமா இருக்கா. எங்களுக்கு விதவிதமா சமைச்சுப் போடுறா, தம்பி சாப்பிடலன்னா சண்ட போடுறா, ஆனா அவ தொட மாட்டா. ரொட்டி தின்னேன்னு சொல்லுவா, போன கெழம அலுமாரிக்குப் பின்னுக்கு பழைய துணியில சுத்தி நாலு ரொட்டி காஞ்சு கெடந்துச்சு. அஞ்சு மாசமா வீட்டுக்குத் தூரமாகல, லயத்து வீடுகள்ல வேற மாதிரி பேசுறாங்க. கோடாங்கி பாத்து கயிறும் கட்டியாச்சு. பெரிய ஆஸ்பத்திரியில மனநல வாட்டுல சேர்க்கச் சொல்றாங்க, அவங்கப்பா என் மகள அங்கொட மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன்னு நிக்கிறாரு. நான் என்னா செய்ய? (பொகவந்தலாவ)

அம்மா, சேருங்க. மத்ததெல்லாம் பொறகு, மொதல்ல இத சொல்லிடுறேன்.

மனநல வாட்டுன்னா அங்கொட இல்லன்னு அவர்கிட்ட சொல்லுங்க. நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதெனிய ஆஸ்பத்திரியிலயெல்லாம் மனநலப் பிரிவு மத்த வாட்டு இருக்கிற அதே கேட்டுக்குள்ளதான் இருக்கு, பிரசவத்துக்குப் போற அதே ஆஸ்பத்திரி, காசும் கட்டத் தேவையில்ல. அங்கொட கூட இப்ப தேசிய மனநல நிறுவனம், அங்க போனவங்களும் சுகமாகி வீட்டுக்கு வந்துக்கிட்டுதான் இருக்காங்க. லயத்துல சண்ட வந்தா "ஒன்ன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்"னு ஏசுறோமே, அந்த ஒரு வசவு எத்தன நோயாளிய ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போக வச்சிருக்கு, நெனச்சாலே வயிறு எரியுது எனக்கு.

மகளுக்கு இருக்கிறது நீங்க எழுதினத வச்சுப் பாத்தா அனொரெக்சியா நேர்வோசா மாதிரி இருக்கு, டாக்டர்தான் முடிவா சொல்லணும். இது போன் வந்த பொறகு வந்த பேஷன் நோய் இல்ல, லண்டன்ல வில்லியம் கல்னு ஒரு டாக்டர் 1873லயே இந்தப் பேர வச்சுட்டாரு. பிடிவாதமும் இல்ல, திமிரும் இல்ல. ஒடம்பு பெருத்துடுமோன்னு ஒரு பயம், அந்தப் பயம் எடை கொறையக் கொறைய கொறையாம கூடிக்கிட்டே போகும், அதுதான் இந்த நோயோட கொடும.

அவ ஏன் எல்லாருக்கும் சமைச்சுப் போட்டுட்டு தான் சாப்பிடாம இருக்கான்னு நீங்க கேக்கல, ஆனா உங்க மனசுல அது இருக்கும். அமெரிக்காவுல மினசோட்டாவுல 1944, 45ல 36 ஆம்பளைங்க, நல்ல ஒடம்பு, நல்ல மனசு, அவங்களா சம்மதிச்சு வந்தவங்க, ஆறு மாசம் சாப்பாட்டக் கொறச்சு வச்சுப் பாத்தாங்க. மெலிஞ்சு போகப் போக அவங்களுக்கு பேச்சு, கனவு எல்லாமே சாப்பாடுதான், சமையல் புஸ்தகம் சேர்த்தாங்க, ஒரு தட்டு சாப்பாட்ட மணிக்கணக்கா வச்சு சாப்பிட்டாங்க, கூட்டாளிகள விட்டு ஒதுங்கினாங்க, எரிஞ்சு விழுந்தாங்க. அவங்களுக்கு நோய் இல்ல, பட்டினிதான் அப்படி ஆக்குச்சு. அப்ப உங்க மக இப்ப யோசிக்கிறது பாதி அவ மூள இல்லம்மா, பட்டினி கெடந்த மூள. அதுகிட்ட நியாயம் பேசி ஜெயிக்க ஏலாது, மொதல்ல அதுக்கு சாப்பாடு போகணும், அதுக்குத்தான் வாட்டு.

வீட்டுக்குத் தூரமாகாம இருக்கிறதுக்கு லயத்துல பேசுறவங்க பேசட்டும். ஒடம்புல சத்து இல்லன்னா கர்ப்பப்பை வேலைய ஒடம்பே நிப்பாட்டி வச்சிடும். ஆஸ்பத்திரியில எப்படியும் மொதல்ல கர்ப்பம் இருக்கான்னு ஒரு டெஸ்ட் எடுப்பாங்க, அத தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாருக்கும் எடுக்கிறதுதான். அதோட காசநோய், தைராய்டு, சுகர் எல்லாம் பாப்பாங்க, மெலியிறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு, அதுவும் நம்ம தோட்டத்துல. மனச்சோர்வு வந்தாலும் சோறு எறங்காது, ஆனா அவங்களுக்கு சாப்பாட்டு மேல ஆச இருக்காது, பயம் இருக்காது. வீட்ல அரிசி இல்லாம பிள்ளைங்களுக்குப் போட்டுட்டு தான் பட்டினி கெடக்கிற தாய்மாரும் மெலிஞ்சுதான் இருக்காங்க, அவங்களுக்குத் தேவ சோறும் உதவியும். மூணையும் பிரிச்சுப் பாக்கிறது டாக்டரோட வேல, அதனால ரொட்டி விஷயத்த மறைக்காம சொல்லுங்க.

கயிறு இருக்கட்டும், கழட்டச் சொல்லி யாரும் கேக்க மாட்டாங்க. சாமிக்கு நேர்ந்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப கவனம். "சரி, வீட்லயே நல்லா ஊட்டி எடுக்கிறோம்"னு கோழி அடிச்சு புரியாணி ஆக்கி வாயில திணிச்சிடாதீங்க. ரொம்ப நாள் பட்டினி கெடந்த ஒடம்புக்கு திடீர்னு சாப்பாடு கூடுனா ரத்தத்துல பொஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் சட்டுனு எறங்கும், இதயம் தாளம் தப்பும், உயிரே போகும். ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்சப்ப பட்டினியில இருந்து மீட்ட கைதிகள் வயிறு நெறய சாப்பிட்டு செத்துப்போனப்பதான் டாக்டர்மாருக்கே இது சரியா வெளங்குச்சு. அதனாலதான் வாட்டுல மொதல்ல தயமின் குடுப்பாங்க, அதான் விட்டமின் பி1, பொறகு கொஞ்சமா ஆரம்பிச்சு நாளுக்கு நாள் கூட்டுவாங்க, ரத்தம் அடிக்கடி எடுப்பாங்க, ஈ.சி.ஜி. எடுப்பாங்க. "எத்தன தடவதான் குத்துவீங்க"ன்னு மிஸிமார்கிட்ட, அதான் நர்ஸ்மார்கிட்ட, கோவப்படாதீங்க. ஒடம்பு ரொம்ப தளந்திருந்தா மொதல்ல மெடிக்கல் வாட்டுல வச்சுட்டு, தேறின பொறகுதான் மனநல வாட்டுக்கு மாத்துவாங்க. சாப்பாட்டு நோய்க்குன்னு போர்ட் போட்ட தனி வாட்டு நம்ம பக்கத்துல தேடிக்கிட்டு நாள கடத்தாதீங்க, இந்த ரெண்டு வாட்டும் சேர்ந்து பாக்கிறதுதான் வழி.

உள்ள என்னா நடக்கும்னு தெரியாததுதான் பாதி பயம், அதனால சொல்றேன். காலையில வெறும் வயித்துல, லேசான உடுப்போட எடை பாப்பாங்க, சில எடத்துல பிள்ளைக்கு நம்பர காட்ட மாட்டாங்க. மூணு வேள சாப்பாடு, நடுவுல சின்னதா ஏதாவது, சாப்பிடும்போது மிஸி பக்கத்துல இருப்பாங்க, சாப்பிட்டு முடிஞ்சு ஒரு மணித்தியாலம் போல கண்ணுக்கு முன்னாடியே வச்சிருப்பாங்க, டொய்லட்டுக்குப் போனாலும் ஒரு ஆள் வெளியில நிப்பாங்க. ஜெயில் மாதிரின்னு மக அழும். நான் வாட்டுல மிஸியா இருந்தப்ப ஒரு துண்டு பாண முன்னுக்கு வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்த பிள்ளைய பாத்திருக்கேன், ஓரத்தப் பிச்சு பிச்சு தட்டுக்கு அடியில தள்ளும், விரல் நடுங்கும், கண்ணுல தண்ணி கொட்டும், நம்மகிட்ட ஒரு பாம்பப் பிடிச்சு சாப்பிடச் சொன்னா எப்படி இருக்குமோ அப்படித்தான் அதுக்கு இருக்கும். அந்த நேரம் பக்கத்துல ஒரு ஆள் அவசரப்படாம, ஏசாம உக்காந்திருக்கிறதுதான் வைத்தியம். கொஞ்சமும் எறங்கலன்னா மூக்கு வழியா டியூப் போட்டு பால் குடுப்பாங்க, அது தண்டன இல்ல, கொஞ்ச நாளைக்குத்தான். வாரத்துக்கு அரைக் கிலோவுல இருந்து ஒரு கிலோ ஏறினா நல்ல முன்னேற்றம், அப்ப கணக்குப் போட்டுக்கங்க, இது ரெண்டு நாள்ல துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புற விஷயம் இல்ல, வாரக்கணக்கு, சிலருக்கு மாசக்கணக்கு.

23 வயசுப் பிள்ள, அதனால அவ சம்மதம் கேட்டுத்தான் பெரும்பாலும் சேர்ப்பாங்க. ஏமாத்தி, கண்டிக்கு சாமான் வாங்கப் போறோம்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போகாதீங்க, பொறகு யாரையும் நம்ப மாட்டா. "எனக்குப் பயமா இருக்கு, டாக்டர் பாக்கட்டும், நான் கூட வாறேன்"னு சொல்லுங்க, போதும். மாட்டேன்னு நின்னு உயிருக்கே ஆபத்தா இருந்தா என்னா செய்யிறதுன்னு டாக்டர்மாருக்கு சட்டப்படி வழி இருக்கு, அத அவங்ககிட்ட விட்ருங்க.

மயங்கி விழுந்தா, நெஞ்சு படபடன்னு அடிச்சா, முழிச்சிருக்கும்போதே நாடி நிமிஷத்துக்கு 40க்குக் கீழ போனா, குந்தின எடத்துல இருந்து கையூணாம எழும்ப முடியலன்னா, தண்ணியும் குடிக்கலன்னா, சாகணும்னு ஒரு வார்த்த வந்தா, கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்காதீங்க. 1990 அடிங்க, அம்புலன்ஸ் இலவசம்.

நான் டீச்சர், 27 வயசு. என்னய பாத்தா யாரும் நோயாளின்னு சொல்ல மாட்டாங்க, எடையும் சாதாரணம்தான். ராத்திரியில வெறி பிடிச்ச மாதிரி சாப்பிடுறேன், பொறகு வாந்தி எடுத்துடுறேன். நாலு வருஷமா இப்படி. பல்லு கூசுது, கன்னம் வீங்கின மாதிரி இருக்கு. என்னயும் வாட்டுல போட்ருவாங்களா? ஸ்கூல்ல தெரிஞ்சா? (ஹட்டன்)

தங்கச்சி, நாலு வருஷம் ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருந்துட்டு எழுதிட்டீங்க பாருங்க, அதுக்கே ஒங்க கையப் பிடிச்சுக்கணும்போல இருக்கு.

இதுக்குப் பேரு புலிமியா நேர்வோசா. எடை சாதாரணமா இருக்கிறதாலதான் யாருக்கும் தெரியாம வருஷக்கணக்கா ஓடுது. பல்லு கூசுறது வயித்து அமிலத்தால, கன்னம் வீங்கிறது எச்சில் சுரப்பி வீங்கிறதால. வாந்தி எடுத்த ஒடனே பிரஷ் பண்ணாதீங்க, எனாமல் இன்னும் தேஞ்சுடும், தண்ணியில வாய கொப்பளிச்சுட்டு கொஞ்ச நேரம் விடுங்க. ஆனா எனக்குப் பல்ல விட பொட்டாசியம்தான் பயம், அடிக்கடி வாந்தி எடுத்தா அது எறங்கும், எறங்கினா இதயத்துக்கு ஆபத்து, வெளியில ஒரு அடையாளமும் தெரியாது. அதனால மொத வேல ஒரு ரத்தப் பரிசோதன.

புலிமியாவுக்கு பெரும்பாலும் வாட்டு தேவைப்படாது. கிளினிக்குக்குப் போய்க்கிட்டே வேலைக்கும் போகலாம். கொக்னிட்டிவ் பிஹேவியர் தெரபின்னு ஒரு பேச்சு வைத்தியம், வாராவாரம், ஏறத்தாழ இருபது தடவ, ராத்திரி வெறிக்குக் காரணம் பகல்ல பட்டினி கெடக்கிறதுதான்னு பலருக்கு அங்கதான் வெளங்கும். புளுஒக்சடீன்னு ஒரு மருந்தும் இருக்கு, டாக்டர் அளவு சொல்லித்தான் எடுக்கணும், பாமசியில நீங்களா வாங்கிப் போடாதீங்க. பொட்டாசியம் ரொம்ப எறங்கி இருந்தாலோ, சாகணும்னு எண்ணம் வந்தாலோ, வெளியில இருந்து வாந்திய நிறுத்தவே முடியலன்னாலோதான் வாட்டுல சேர்ப்பாங்க. ஸ்கூல்ல நீங்க சொன்னாத்தான் தெரியும், ஆஸ்பத்திரியில இருந்து யாரும் அதிபருக்கு போன் போட மாட்டாங்க. இன்னிக்கு ராத்திரி முடியலன்னா 1926 எடுங்க, மனநல நிறுவனத்தோட லைன், 24 மணித்தியாலமும் ஆள் இருக்கும், தமிழ்ல பேசணும்னு கேளுங்க.

தம்பிக்கு 25 வயசு, ஜிம் ஜிம்முன்னு அலையிறான், சோறு தொடுறதே இல்ல, முட்ட வெள்ளக்கரு மட்டும்தான், ஒரு நாள் ஜிம் போகலன்னா அழுறான். ஆம்பளப் பிள்ளைக்கு இந்த நோய் வருமா? (பண்டாரவள)

வரும். ஆம்பளைக்கு வராதுன்னு நெனச்சே பிந்தி வாறாங்க, அதான் அவங்களுக்குக் கூடுதல் ஆபத்து. ஒரு நாள் விட்டுப்போனதுக்கு அழுறான்னா அது ஆரோக்கியம் இல்ல, கட்டாயம். தல சுத்துது, குளிருது, கூட்டாளிகளோட ஒக்காந்து சாப்பிட மாட்டேங்கிறான்னா ஆஸ்பத்திரி ஓபீடிக்குக் கூட்டிட்டுப் போங்க, எடையையும் நாடியையும் பாக்கச் சொல்லுங்க. ஒடம்பப் பத்தி கேலி மட்டும் வேணாம், "ஒல்லிப்பிச்சான்"னு சின்ன வயசுல கூப்பிட்டது எத்தன பேருக்கு உள்ளுக்குள்ள கெடந்து அரிக்குதுன்னு கேட்டுப் பாருங்க.

மனைவி மூணு வாரமா வாட்டுல. கூட நிக்க ஆள் வேணும்னு சொல்றாங்க, நான் நின்னா அன்னிய பேரு, சம்பளம் போகுது, வீட்ல ரெண்டு பிள்ளைங்க. டாக்டர் பேசுறது சிங்களம், அவளுக்கு முழுசா வெளங்கல. கூட்டிட்டு வந்துறவான்னு யோசிக்கிறேன். (தலவாக்கல)

அண்ணே, கஷ்டம் வெளங்குது, ஆனா இப்ப கூட்டிட்டு வராதீங்க. மூணு வாரம்னா ஒடம்பு இப்பதான் கொஞ்சம் நிமிந்திருக்கும், பயம் இன்னும் அப்படியேதான் இருக்கும், பாதியில வந்தா ஏறின கிலோ எறங்க ரொம்ப நாள் ஆகாது, பொறகு ரெண்டாவது தடவ போக அவங்களுக்கே தைரியம் வராது.

கூட நிக்கிறத ஒரே ஆள் தலையில போடாதீங்க. அவங்க அம்மா, அக்கா, சித்தின்னு மாத்தி மாத்தி நிக்கலாமான்னு வாட்டு மிஸிகிட்ட கேளுங்க. ராத்திரியில ஆள் கட்டாயமா இல்ல பகல்ல மட்டும் போதுமான்னும் கேளுங்க, கேக்காம யாரும் சொல்ல மாட்டாங்க. வாட்டுல நிப்பாட்டி இருக்கிறதுக்கு ஒரு கடிதம் வாங்கி தோட்டத்து ஆபீஸ்ல குடுங்க. தோட்டத் தலைவர்கிட்டயும் சொல்லி வைங்க, என்னா நோய்னு விவரம் சொல்லணும்னு இல்ல, மனைவி ஆஸ்பத்திரியில நிக்கிறாங்கன்னா போதும்.

மொழி விஷயம் எனக்கு நெஞ்சுல குத்துற விஷயம். கால் முறிஞ்சா வெரல நீட்டிக் காட்டலாம், மனசுல இருக்கிறத வெரல நீட்டிக் காட்ட ஏலுமா? தமிழும் இந்த நாட்டு அரச கரும மொழிதான், 1987ல அரசியலமைப்புலயே எழுதியாச்சு, அதனால தமிழ் பேசுற டாக்டரோ மிஸியோ ஒருத்தர் இருக்கிற நேரம் பெரிய டாக்டர சந்திக்கணும்னு கேக்கிறதுல ஒரு வெக்கமும் வேணாம், அது சலுக இல்ல. மூத்த பிள்ளைய மொழிபெயர்க்க வைக்காதீங்க, தாயோட நோயப் பிள்ள வாயால சொல்ல வைக்கிறது பாவம். தெரிஞ்ச டீச்சர் யாராவது இருந்தா எப்ப இருந்து சாப்பாடு கொறஞ்சுச்சு, முன்ன எவ்வளவு எடை, வேற என்னா மருந்து எடுக்கிறாங்கன்னு ஒரு பக்கத்துக்கு சிங்களத்துல எழுதி வாங்கி நோயாளி விவரம் எழுதுற டிக்கட்டோட வைக்கச் சொல்லுங்க, ரவுண்ட்ஸ் வரும்போது அது பேசும்.

பிள்ளைங்கள பாக்க விடுவாங்களான்னு கேளுங்க, விட்டா கூட்டிட்டுப் போங்க. "அம்மா மெலிஞ்சிட்டாங்க"ன்னோ "அம்மா குண்டாயிட்டாங்க"ன்னோ மட்டும் சொல்லாம பாத்துக்கங்க.

தங்கச்சிக்குத் துண்டு வெட்டியாச்சு, நாளைக்கு வீட்டுக்கு வாறா. எப்படி நடந்துக்கிறது? சுகமாயிட்டான்னு நெனைக்கலாமா? (ஹப்புத்தள)

எடை ஏறியிருக்கு, ஆபத்து தாண்டியாச்சு, ஆனா சுகமாகிறது இனிமேதான். வருஷக்கணக்குல பாத்தா இந்த நோய் வந்தவங்கள்ல ஏறத்தாழ பாதிப்பேரு முழுசா சுகமாயிடுறாங்க, இன்னும் பல பேர் ஓரளவு தேறி வேல, குடும்பம்னு வாழுறாங்க. வீட்டுக்கு வந்த மொத சில மாசம்தான் திரும்ப விழுற நேரம், அதனால கிளினிக் திகதிய ஒண்ணு கூட விடாதீங்க, மழ பெஞ்சாலும் பஸ் ஓடலன்னாலும் எப்படியாவது போங்க. எடைய கிளினிக்ல பாக்கட்டும், வீட்ல தராசு வேணாம்.

சாப்பாட்டு நேரம் எல்லாரும் சேர்ந்து ஒக்காருங்க. நம்ம வீடுகள்ல அவங்க அவங்க தட்ட எடுத்துக்கிட்டு ஒரு மூலையில போய் சாப்பிடுறது பழக்கம், அத கொஞ்ச நாளைக்கு மாத்துங்க. வாட்டுல குடுத்த அளவ எழுதி வாங்கி அதையே போடுங்க, அவ கெஞ்சினாலும் கொறைக்காதீங்க, நீங்க சந்தோஷத்துல கூட்டவும் கூட்டாதீங்க. சாப்பிடும்போது சாப்பாட்டப் பத்தியே பேச்சு வேணாம், நாடகம், பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டது, என்னா வேணும்னாலும் பேசுங்க. தட்டுல மிச்சம் இருந்தா ஏசாதீங்க, "கஷ்டமா இருக்கா, நான் இருக்கேன்"னு சொல்லிட்டு கூடவே ஒக்காந்திருங்க. முடிஞ்ச பொறகு ஒரு மணித்தியாலம் கேரம் ஆடுங்க, இல்லன்னா பிள்ளைங்கள அவகூட வெளையாட விடுங்க, அவள தனியா விடாதீங்க.

பாக்க வாற சொந்தக்காரங்க ஒருத்தர் தவறாம "இப்பதான் மூஞ்சி வட்டமா அழகா இருக்கு"ன்னு சொல்லுவாங்க. நல்ல மனசோடதான் சொல்லுவாங்க, ஆனா அவ காதுல அது "குண்டாயிட்ட"ன்னுதான் விழும். வாசல்லயே நிப்பாட்டி சொல்லி வைங்க, ஒடம்பப் பத்தி ஒரு வார்த்தயும் வேணாம்னு. தேத்தண்ணியக் குடுத்து வேற கத பேசுங்க.

வாட்டுக்கு என்னா கொண்டு போகணும்? போன் விடுவாங்களா? (மஸ்கெலியா)

ஐடென்டிட்டி கார்ட், கிளினிக் கொப்பி, டிஸ்பென்சரியில குடுத்த துண்டு, குடிக்கிற மருந்தெல்லாம் பக்கெட்டோட. சீப்பு, சோப், செருப்பு, ரெண்டு மூணு உடுப்பு, தொளதொளன்னு லூசா இருக்கிறதா எடுங்க, ஏன்னா எடை ஏறும்போது பழைய இறுக்கமான சட்ட போட்டா மனசு ஒடஞ்சு போகும். ஸ்வெட்டர் கட்டாயம், மெலிஞ்சவங்களுக்கு நம்ம குளிர் இன்னும் பல மடங்கு. கண்ணாடி போத்தல், பிளேடு, நீட்டு கயிறு உள்ள உடுப்பு எல்லாம் உள்ள எடுக்க மாட்டாங்க. வீட்டுச் சாப்பாடு மிஸிகிட்ட கேக்காம கொண்டு போகாதீங்க. போன் வாட்டுக்கு வாட்டு மாறும், சேர்க்கிற அன்னிக்கே கேட்டுக்கங்க, விட்டாங்கன்னா டயட் வீடியோ வாற பக்கத்தயெல்லாம் அவங்க சம்மதத்தோட போக முன்னாடியே அழிச்சிடுங்க.